மூன்று நட்சத்திரக்காரருக்கு

உன் பெயரில் எனக்குத் தெரிந்தது
முதலில் ஒரு ஜே, கடைசியில் ஒரு ஒன்பது.
நடுவே மூன்று நட்சத்திரம்.
ஏலத் தளம் அவ்வளவுதான் காட்டும்.
ஆணா பெண்ணா தெரியாது.
வைதபோதெல்லாம் ஆண் என்றே வைத்துக்கொண்டேன்.

நான் ஹான்காக்கில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
இரவெல்லாம் ஏரி எங்கள் மேல் கொட்டுவதை
விடிவதற்குள் ஓரம் ஒதுக்க வேண்டும்.
நவம்பரில் வலது தோளில் தசைநார் அறுந்தது.
தைத்துவிட்டார்கள். ஆனால்
பெரிய கிதாரின் வயிற்றைத் தாண்டி
கை இனித் தந்திக்கு இறங்காது.
"சின்னதா ஒண்ணு வாங்கேன்" என்றாள் வெர்னா,
செருப்பு வாங்கச் சொல்வதுபோல.

சின்னது என்றால்
இடுப்பு ஒடுங்கியது, அகலம் பதின்மூன்று அங்குலம்,
பன்னிரண்டாம் மெட்டிலேயே கழுத்து முடிந்து
உடல் தொடங்கிவிடுவது.
மடியில் வைத்தால் ஒரு கொழுத்த பூனை.

முதலாவது ஒஹையோவில்.
இருநூற்றுப் பத்து வரை போனேன்.
எட்டு விநாடி இருக்கையில் வந்தாய் நீ.
டென்னசியிலும் அதே எட்டு.
மூன்றாவதற்கு நானும் உன்னைப்போல் பதுங்கியிருந்தேன்.
அடுப்பில் கெட்டில் கூவியது, திரும்பிப் பார்த்தேன்,
போயிற்று.

நான்காவது டெர் ஹோட்டில், டுவைட் என்பவரிடம்.
"பிள்ளைகள் கிதார். எனக்கு வாசிக்கத் தெரியாது.
திருப்பி எடுக்க மாட்டேன்."
படங்கள் ஏழு. ஆறில் அவர் சோபா வெகு தெளிவு.
கழுத்து நேராக இருக்கிறதா என்று கேட்டு எழுதினேன்.
"எதை விட?" என்று பதில் வந்தது.
முன்பலகையில், குதிரைக்குக் கீழே, ஒரு கோடு.
தலைமுடி என்றாள் வெர்னா. விரிசல் என்றேன் நான்.
அந்தச் சண்டையின் மேல்தான் பணம் கட்டினேன்.

ஞாயிறு இரவு ஒன்பது நாற்பத்தொன்று.
வலது கை துணித்தொட்டிலில். இடது கையில் மவுஸ்.
நீ வருவாய் என்று
முந்நூறு வரைக்கும் மூச்சைக் கட்டி வைத்திருந்தேன்.
எட்டு.
ஏழு.
நீ வரவில்லை.
நூற்று எண்பத்திரண்டுக்கு முடிந்தது.
வெர்னா கை தட்டினாள்.
எனக்கோ, கதவை உடைக்கத் தோள் கொடுத்தவன்
கதவு வெறுமனே சாத்தியிருக்க
உள்ளே போய் விழுந்ததுபோல.

என்ன ஆயிற்று உனக்கு?
காய்ச்சலா? மின்வெட்டா?
வீட்டில் யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவா?
அல்லது அந்தக் கோடு விரிசல்தான் என்று
நீ கண்டுகொண்டாயா?
உண்மையைச் சொன்னால், அதிகம் உறுத்தியது அதுதான்.

இரண்டு டயப்பர் பெட்டிகளை வாயோடு வாய் ஒட்டி
டுவைட் அனுப்பியிருந்தார்.
உறைகுளிரில் வந்ததை உடனே திறந்தால் மெருகு வெடிக்கும்.
ஒரு ராத்திரி முழுக்கச் சமையலறையில் அதன் பக்கத்தில்
விருந்தாளி எழக் காத்திருப்பவன்போல் உட்கார்ந்திருந்தேன்.
முடி இல்லை. விரிசலும் இல்லை.
பென்சில் கோடு.
யாரோ, எதற்கோ, அளவு குறித்தது.
துடைத்தேன், போகவில்லை. இருக்கட்டும்.
மூன்றாம் தந்தி மட்டும் கொஞ்சம் இரைகிறது.

இரண்டு வாரம் கழித்து, ஸ்போகேனில் ஒன்று.
தொண்ணூற்றைந்தில் நீ நின்றிருந்தாய்.
அன்று காலை ஏழு பன்னிரண்டுக்குப் போட்டது.
ஆக, இருக்கிறாய்.

எனக்கு அது தேவையில்லை. வைக்க இடமும் இல்லை.
வெர்னா குளித்துக்கொண்டிருந்தாள்.
நலம், நலமறிய ஆவல் என்பதை
நூறு என்று எழுதி அனுப்பினேன்.
நூற்றைந்து என்று பதில் வந்தது.

என்னால் உனக்குப் பத்து டாலர் கூடுதல்.
மன்னிப்புக் கேட்க மாட்டேன்,
ஒஹையோவை நினைத்துக்கொள்.
கழுத்து நேரா என்று மட்டும் விற்பவரிடம் கேள்.
எதை விட என்று கேட்டால்
வாங்கிவிடு.